லயனில் நாலே பேர்

இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, எனக்கு ஏன் எரிச்சல் வருகிறதென்று நீங்களே சொல்லுங்கள்.

நெஞ்சுநோய் பார்க்கிற டாக்டர் ஒருவர்தான் இருந்தார். வாரம் ஒருநாள் அவர் வந்து உட்கார இரண்டு இடங்கள் போட்டி போட்டன. ஒன்று ஆலங்கொல்லை; நெல்லும் வாழையும் விளைகிற ஊர். இன்னொன்று கல்குவாரி லயன். கல் உடைக்க வந்தவர்களுக்குக் குவாரிக்காரர் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். இரண்டிலும் ஆள் ஐந்நூறு.

சுகாதார அதிகாரி ஆளவந்தார் ஒரே நாளில் இரண்டு இடத்திலும் வீடு வீடாக எண்ணச் சொன்னார். ஆலங்கொல்லையில் இளைப்பு நோயாளிகள் இருபது பேர். லயனில் நாலே பேர். ஆலங்கொல்லைக்கே டாக்டர் என்று எழுதிவிட்டார்.

இரண்டு இடத்துக்கும் மருந்து கொண்டுபோகும் நர்ஸ் லூர்து, மூன்று நாள் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து அவரைப் பிடித்தார். யாருக்கு எப்போது இளைப்பு தொடங்கியது என்று எழுதிய நோட்டு லூர்து கையில். அந்த வருடம் ஆலங்கொல்லையில் புதிதாக நோயில் விழுந்தவர்கள் இரண்டே பேர். மற்றப் பதினெட்டுப் பேரும் பத்துப் பதினைந்து வருடமாகச் சொந்த வீட்டில், பிள்ளைகள் கவனிப்பில் இருமிக்கொண்டிருப்பவர்கள். லயனில் புதிதாக விழுந்தவர்கள் பதினாறு.

"அப்போ மத்த பன்னெண்டு பேரும் குணமாயிட்டாங்க, அதானேம்மா?" என்றார் ஆளவந்தார்.

"சுத்தியல் தூக்க முடியாதவன் வீட்டைக் காலி பண்ணணும் சார், அது குவாரி வழக்கம். எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. அஞ்சு பேரு போன இடத்துல செத்தும் போயிட்டாங்க."

"இல்லாதவங்களை நான் எப்படிம்மா எண்ணுறது?"

லூர்துக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

லயனுக்குத் திரும்பினால் ஒச்சம்மாள் வழிமறித்தாள். எண்ண வந்த அன்று தன் புருஷன் சின்னக்காளையின் வாயில் துண்டைத் திணித்து மறைத்து வைத்தவள் அவள். அவன் இருமல் நோட்டிலும் ஏறவில்லை. "பேரு வெளிய தெரிஞ்சா வீடு போயிரும்னு பயந்துட்டேன் சிஸ்டர். இப்பத்தான் ஆரம்பம். டாக்டர் இங்கயே வந்தா இவரைக் காப்பாத்திரலாம்ல?"



இப்போது நீங்கள் சொல்லுங்கள். இருபது பேர் இருக்கிற ஊரா, நாலு பேர் இருக்கிற லயனா? டாக்டர் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்?

விடை: லயனில்தான். இன்று எத்தனை பேர் நோயோடு இருக்கிறார்கள் என்று மட்டும் ஆளவந்தார் கேட்டார். வருடத்தில் எத்தனை பேர் புதிதாக விழுகிறார்கள் என்று கேட்டிருந்தால் ஆலங்கொல்லையில் இரண்டு, லயனில் பதினாறு. நோயாளியை வைத்துக் காப்பாற்றுகிற ஊரில் எண்ணிக்கை ஏறித்தான் தெரியும். டாக்டரோ ஆலங்கொல்லைக்கே போனார். மறு வருடம் லயனில் திரும்ப எண்ணினார்கள், இரண்டே பேர். நோய் பாதியாகக் குறைந்துவிட்டதென்று எழுதி ஆளவந்தார் கையெழுத்துப் போட்டார். ஒச்சம்மாள் இருந்த வீட்டில் வேறொரு குடும்பத்தை, நோயில்லாதவர்கள் என்று எண்ணி எழுதியிருந்தார்கள்.