பிரபு சுமந்த விறகு

எங்கள் இத்தாலிய மலையூரின் அந்த வருஷத்துக் கார்னிவலை நினைத்தால், எண்ணெயில் பொரித்த பலகார வாசனை இப்போதும் மூக்கில் ஏறுகிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் திருவிழாவில் ஊரே முகமூடி போட்டு ஆடும். எங்களை ஆட்டிவைத்த பிரபு ஊபால்தோவும் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஆனால் தெருமுனை தாண்டுவதற்குள் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வணங்கிவிடுவார்கள்.

மனுஷனுக்கு ஆத்திரம். முகமூடி செதுக்கும் நுன்சியாவைக் கூப்பிட்டார். “இந்தத் தடவை ஒருத்தன் என்னைக் கண்டுபிடித்தாலும் சரி, நீ ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்!”

“சரிங்க ஐயா” என்றாள் நுன்சியா. முகமூடியை மாட்டிவிட்டு, அவர் முதுகில் பெரிய விறகுச் சுமையையும் ஏற்றினாள். “சதுக்கத்தில் தீ மூட்டுகிற இடம்வரைக்கும் இறக்கக் கூடாதுங்க.”

வழியெல்லாம் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். “சீக்கிரம் நடப்பா!” என்று விரட்டினார்கள். கழுதைக்காரர் ஒருவர் தோளில் கைபோட்டு ஒயின் ஊற்றிக் கொடுத்தார். ஒருவரும் வணங்கவில்லை.

சதுக்கத்தில் சுமையைப் போட்டுவிட்டு, முகமூடியைக் கழற்றி உயர்த்திப் பிடித்தார் பிரபு. “பார்த்தீர்களா! என்ன அருமையான முகமூடி!”

“அது போன வருஷத்து முகமூடிதாங்க, ஐயா” என்றாள் நுன்சியா. “விறகுதான் புதுசு.”

ஊர் சிரித்த அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க, எத்தனை சுமை வேண்டுமானாலும் நான் தூக்குவேன்.