நாரையின் கழுத்தில் போன ரொட்டி

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, வடக்கே பனி விழும் சுவீடன் நாட்டில் மெரித் என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே தம்பி, ஒலோஃப். "எங்கள் வயலை அறுத்த பிறகுதான் உங்கள் வயல்" என்று பண்ணையாரின் முகத்துக்கு நேரே சொன்னவன். நியாயம் கேட்டவனுக்கு என்றைக்கும் கிடைப்பதுதான் அவனுக்கும் கிடைத்தது. கடலுக்கு அப்பால் துரத்திவிட்டார்கள். கூட அறுத்தவர்களில் ஒருவரும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

புறப்படும்போது அக்காளும் தம்பியும் ஒரே மாட்டுக்கொம்பில் சீமைச்சோம்புச் சாராயம் குடித்தார்கள். அவன் உதடு பட்ட அந்தக் கொம்பை மெரித் பிறகு கழுவவே இல்லை.

ஆண்டுகள் போயின. ஒரு வசந்தத்தில் தெற்கிலிருந்து திரும்பிய நாரை அவள் வாசலில் இறங்கியது.

"உன் தம்பியைப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகள் 'அப்பா, உன் ஊர் எப்படி இருக்கும்?' என்று கேட்டால் விழிக்கிறான். மறந்துபோச்சாம்."

மெரித் தெற்கே திரும்பிப் பார்த்தாள். ஊரைப் பிடுங்கியது போதாதா, நினைப்பையுமா?

"தலை மறக்கும், நாக்கு மறக்காது. ரொட்டி தருகிறேன், கொண்டுபோய்க் கொடு" என்றாள்.

அறுவடை முடிந்து நாரைகள் கிளம்பும் நேரம் வந்தது. வழியில் பூசணம் பிடிக்கக் கூடாதென்று புது ரை தானிய மாவை அப்பளம்போல மெல்லியதாகத் தேய்த்து, மொறுமொறுவென்று சுட்டாள்.

"இந்தா, அலகில் பிடித்துக்கொள்."

"வாயை மூடிக்கொண்டு பறக்கவா? கூவிக்கொண்டே போனால்தான் எங்கள் கூட்டம் கலையாமல் போகும். வாயை மூடு என்பது உங்கள் பண்ணையார் பேச்சடி, நீயுமா?"

"கோபிக்காதே. காலில் கட்டட்டுமா?"

"இறங்குகிற இடமெல்லாம் சேறு. உன் தம்பி சேற்று ரொட்டியா தின்பான்?"

மெரித் நாரையின் நீண்ட கழுத்தைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு ரொட்டி தேய்த்தாள். கொம்பை எடுத்தாள். மாவில் வைத்தால் அவன் உதடு பட்ட தடம் போய்விடும். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதன் வாயை மாவின் நடுவில் வைத்து அழுத்தினாள்.

வட்டமாக ஓட்டை விழுந்தது. சுட்ட ரொட்டியை நாரை கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூவியபடியே பறந்தது. வெட்டியெடுத்த நடுத்துண்டை மெரித் தனியே சுட்டு, தின்னாமல் வைத்திருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் நாரை வந்தது.

"கொடுத்தாயா?"

"கடித்தான், அழுதான். அப்புறம் பேசினான் பார், ஆறு, வயல், நீ, உன் வாயாடித்தனம், ஒன்று விடவில்லை. சின்னவள் ஓட்டைக்குள் விரலை விட்டு, 'அப்பா, இங்கே இருந்தது எங்கே?' என்றாள்."

"என்ன சொன்னான்?"

"'அது என் அக்காளிடம் இருக்கிறது' என்றான்."

மெரித் உள்ளே போனாள். நடுத்துண்டை எடுத்துக் கடித்தாள்.

அன்று முதல்தான் அந்நாட்டு ரொட்டிக்கு நடுவில் ஓட்டை. கழியில் கோத்துத் தொங்கவிடத்தான் என்று பண்ணையார் வீட்டார் சொல்வார்கள். சொல்லட்டும். கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள், அந்த ஊர் மொழியில் ஒரு சொல் தெரியாவிட்டாலும், கடிப்பதற்கு முன் அந்த ஓட்டை வழியாக வடக்கே ஒருமுறை பார்க்கிறார்கள்.