மரங்கொத்தியாரின் தட்டுத் தேர்வு

ஒரு காட்டில், குழந்தைகளே, எதிரொலிப் பாறை ஒன்று இருந்தது. அதன்மேல் நின்று பேசினால் காடு முழுவதும் கேட்கும். ஆனால் நினைத்தவரெல்லாம் அதில் ஏறிவிட முடியாது. உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமென்றால் தட்டுத் தேர்வில் தேற வேண்டும்.

தேர்வாளர் மரங்கொத்தியார். ஒற்றைக் கொத்து குறில், உருட்டிக் கொத்தினால் நெடில். இரண்டையும் அடுக்கி எந்தச் செய்தியையும் மரத்தில் தட்டிச் சொல்லலாம் என்பது அவருடைய பாட்டனார் வகுத்த முறை. தேர்வுக்கு வருபவர் அவர் குடியிருந்த தேக்கின் அடியில் தட்டுவார். இவர் உச்சிக் கிளையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முகத்தைப் பார்த்தால் மதிப்பெண்ணில் கருணை கலந்துவிடுமாம். தேறியவருக்கு ஒரு தேக்கிலையில் துளையிட்டுக் கீழே போடுவார். அதுதான் உரிமம்.

பௌர்ணமிக் கூட்டத்தில் மைனா வம்பைத் தொடங்கியது. "குரல் இருப்பவர் எதற்கு ஐயா அலகைத் தேய்க்க வேண்டும்? தட்டுத் தேர்வை எடுத்துவிடுங்கள்."

"மழைக்காலத்தில் காற்று குரலைத் தின்றுவிடும். தட்டோசையைத் தின்னாது" என்றார் மரங்கொத்தியார்.

"இப்போது வெயில்தானே அடிக்கிறது?"

"இன்று தேர்வை எடுப்பீர். நாளை தவளையெல்லாம் பாறையில் ஏறும்."

தலைவர் கரடியார் கொட்டாவி விட்டார். "இருவர் சொல்வதும் நியாயம். அடுத்த பௌர்ணமியில் பேசுவோம்." போன பௌர்ணமியிலும் அவர் இதையேதான் சொன்னார்.

மறுநாள் காலை ஆள்காட்டிக் குருவி மூச்சிரைக்கப் பறந்து வந்தது. பாவம், தேர்வில் பலமுறை தோற்ற பறவை அது.

"ஐயா, கோடரியோடு ஒருவன்..."

"உரிமம் இருக்கிறதா?"

"இல்லை ஐயா. ஆனால் அவன் உங்கள் மரத்தை..."

"உரிமமில்லாத பேச்சு என் காதில் ஏறாது. சொல்வதைத் தட்டிச் சொல்லும்" என்று மரங்கொத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லை. ஆள்காட்டி கீழே இறங்கி, 'கோடரி வருகிறது' என்று பதறிப் பதறித் தட்டியது.

"முதல் எழுத்தே பிழை. நெடிலைக் குறிலாக்கிவிட்டீர். 'கொடரி' என்றொரு சொல் நம் மொழியில் கிடையாது. மேலும், தட்டில் ஒரே பதற்றம். தோல்வி."

பொந்திலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "பதற்றத்துக்கு ஏதோ காரணம் இருக்குமே. என்னவென்று கேட்டீர்களா?"

"காரணத்துக்கெல்லாம் மதிப்பெண் கிடையாது."

அந்த அம்மாள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. இறக்கை முளைத்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆள்காட்டியின் பின்னால் பறந்துவிட்டார்.

சற்று நேரத்தில் அடிமரத்தில் ஓசை எழுந்தது. டொக். டொக். டொக்.

மரங்கொத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மட்டும் திறக்கவில்லை. "அடடா, என்ன அழுத்தம், என்ன நிதானம்! ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி எள்ளளவும் மாறவில்லையே. யாரப்பா நீ?"

பதில் இல்லை. டொக். டொக்.

"வீண்பேச்சும் இல்லை. இப்படி ஒருவருக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன்."

மரம் மெல்ல ஆடியது.

"காற்று பலமாக வீசுகிறது. அப்போதும் தட்டு பிசகவில்லை, பார்" என்று வியந்தவர், நல்ல இலையாக ஒன்றைப் பறித்து, நடுவில் அழகாகத் துளையிட்டு, "முதல் வகுப்பில் தேர்ச்சி" என்று கீழே போட்டார்.

இலை மரவெட்டியின் தலைப்பாகையில் விழுந்தது. அவன் அதைத் தட்டிவிட்டு இன்னொரு வெட்டு வெட்டினான். தேக்கு மடமடவென்று சாய்ந்தது.

கொண்டை கலைய, தூசி படிய, மரங்கொத்தியார் பக்கத்து மருதமரத்தில் போய் விழுந்தார். அங்கே மனைவியும் குஞ்சுகளும் பத்திரமாக இருந்தார்கள். ஆள்காட்டியும் இருந்தது.

"ஐயா, மறுதேர்வுக்கு நான் எப்போது வரட்டும்?" என்று அது பணிவாகக் கேட்டது.

மரங்கொத்தியார் கலைந்த கொண்டையைக் கோதத் தொடங்கினார். அவர் மனைவிதான் சொன்னார்: "முதலில் இவருக்கு ஒரு மரம் கிடைக்கட்டும், தம்பி."

நீதி: எப்படிச் சொல்கிறார் என்பதையே அளந்துகொண்டிருப்பவர், என்ன சொல்கிறார் என்பதைக் கோட்டைவிடுவார்.