பேட்டரி எங்கே இறங்கியது?

கருவேலம்பாளையம் சுங்கச்சாவடியில் இலவச உதவி ரோந்து என்று ஒரு ஜீப் உண்டு. நெடுஞ்சாலையில் யார் வண்டி நின்றுபோனாலும், கூப்பிட்ட பத்தாவது நிமிஷம் ஓடி வரும். ஓடி வந்து என்ன செய்யும் என்பதுதான் கதையே. ஜீப்பில் மூன்று பேர்: தலைவர் சென்னியப்பன், ஓட்டுநர் நாச்சிமுத்து, உதவி எண்ணுக்கான போனைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் மாரப்பன். மூன்று பேருக்கும் மனசு தங்கம். மண்டையைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

"வண்டிக்காரர் சொல்றதை அப்படியே செய்யுங்க, சொந்த மூளையைக் கலக்காதீங்க" என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். கலக்க இருந்தால்தானே!

அன்று காலை ஒன்பது மணிக்குச் செங்கோட்டுவேலின் கார் நடுவழியில் நின்றது. தங்கச்சி மகளுக்குக் கரட்டுக் கோயிலில் காதுகுத்து. பத்தரைக்குள் நல்ல நேரம். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். இவர் வராவிட்டால் மடியைக் கொடுக்க ஒண்ணுவிட்ட அண்ணன் பொன்னுசாமி பட்டு வேட்டியோடு தயாராக இருந்தான். அவனோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. மனுஷனுக்கு வயிறு எரிந்தது.

ஜீப் வந்தது.

"பேட்டரி இறங்கிருச்சுங்க" என்றார் செங்கோட்டுவேல்.

சென்னியப்பன் முகம் மாறியது. "எங்கீங்க இறங்குச்சு?"

"வழியில எங்கயோதான். சார்ஜ் மொத்தமும் இறங்கிருச்சு."

"அப்ப ரெண்டும் சேர்ந்தே இறங்கிருக்குது" என்றான் மாரப்பன், குரலைத் தாழ்த்தி. "இதுல நாம தலையிடலாமுங்களா?"

"வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியுமோ என்னமோ" என்று கவலைப்பட்டான் நாச்சிமுத்து.

செங்கோட்டுவேல் கத்தக் கத்த, மூவரும் பின்னால் இருந்த பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். அரை மணி கழித்துத் திரும்பி வந்து சென்னியப்பன் வருத்தத்தோடு சொன்னார்: "இளநீர்க்காரரைக் கேட்டுட்டோம். காலையில இருந்து ஒரு டீச்சரம்மா மட்டுந்தான் இறங்குனாங்களாம்."

"பேட்டரி கெடக்கட்டும்! கொஞ்சம் தள்ளுங்க!" என்று சொல்லிவிட்டு, செங்கோட்டுவேல் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்.

மூவரும் மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"ஐயோ, நல்லாத் தள்ளுங்க!"

சாலையை விட்டே இறங்கினார்கள்.

"இன்னும் தள்ளுங்க! விடாமத் தள்ளுங்க!"

அவர் கண்ணாடியில் பார்த்தபோது, மரவள்ளிக் காட்டுக்குள் மூன்று தலைகள் தெரிந்தன. "போதுங்களா?" என்று அங்கிருந்து கூவினான் நாச்சிமுத்து. "இதுக்கு மேல கெணறுங்க!"

அவரே ஓடிப்போய் மூவரையும் இழுத்து வந்து, கைகளை டிக்கிமேல் வைத்துக் காட்டினார். அப்புறம் தள்ளினார்கள் பாருங்கள், கார் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது! உடனே சென்னியப்பன் நோட்டும் கையுமாக ஓடிவந்து குறுக்கே பாய்ந்தார். செங்கோட்டுவேல் பிரேக்கை மிதித்தார்.

"கையெழுத்துங்க! 'நின்ற வாகனத்தின் ஓட்டுநர்'னு போட்டிருக்குது. நீங்க ஓடற வாகனத்தின் ஓட்டுநர். செல்லாதுங்க."

"இப்ப நின்னுட்டுத்தானே இருக்குது!"

"இஞ்சின் ஓடுதுங்களே" என்று கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார் சென்னியப்பன்.

கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது. அதற்கப்புறம் எத்தனை தள்ளியும் கார் ஒரு முனகல்கூட முனகவில்லை.

மணி பத்து. "சாமி, உங்க ஜீப்புலயாவது கோயிலுக்குக் கொண்டுபோய் விடுங்க" என்று கும்பிட்டார் செங்கோட்டுவேல். ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் ஜீப் நின்றது. டீசல் இல்லை.

"டீசல் போடச் சொல்லி எந்த வண்டிக்காரரும் சொல்லலீங்களே" என்றான் நாச்சிமுத்து.

சென்னியப்பன் பதறவில்லை. தன் போனை எடுத்து உதவி எண்ணை அழுத்தினார். பக்கத்தில் மாரப்பனின் சட்டைப்பை அலறியது.

"வணக்கமுங்க, இலவச உதவி ரோந்து" என்றான் மாரப்பன்.

"வணக்கமுங்க. எங்க வண்டி நின்னுபோச்சு" என்றார் சென்னியப்பன்.

"பயப்படாதீங்க. வண்டியை விட்டு நகராம இருங்க. பத்து நிமிஷத்துல வந்தர்றோம்."

"எவ்வளவு தன்மையாப் பேசறாங்க!" என்று உருகிப்போனார் சென்னியப்பன்.

செங்கோட்டுவேல் தலையில் அடித்துக்கொண்டு, தங்கச்சி சரசுவைக் கூப்பிட்டு அழுதேவிட்டார்.

"அழுவாதண்ணா!" என்று அதட்டினாள் சரசு. "கண்டவன் மடியில எம்புள்ள உக்காராது. எங்க நிக்கறீன்னு மட்டும் சொல்லு."

பத்து இருபதுக்கு வேன் வந்தது. குழந்தை, ஆசாரி, தேங்காய்த் தட்டு எல்லாம் இறங்கின. ஜீப்பின் முன்சீட்டில் மாமன், மாமன் மடியில் மருமகள். பத்து இருபத்தெட்டுக்குக் காது குத்தியாயிற்று. குழந்தை போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டுக் கொக்கெல்லாம் பறந்தன. செங்கோட்டுவேலுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. பொன்னுசாமி வேனை விட்டு இறங்கவே இல்லை.

"நீங்களும் வந்து விருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மூவரையும் கூப்பிட்டாள் சரசு.

"இல்லீங்கம்மா. வண்டியை விட்டு நகரக்கூடாதுன்னு ரோந்துல சொல்லிருக்காங்க" என்றார் சென்னியப்பன்.

விருந்து முடிந்து சாயங்காலம் வேன் திரும்பியபோது மூவரும் அங்கேயே நின்றார்கள். சென்னியப்பன் கோபமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்.

"இலவசம்னா இப்படித்தானுங்க" என்று பொரிந்தார். "பதினாலு தடவை கூப்பிட்டாச்சு. பேச்சு மட்டும் தேனாட்டம் இருக்குது. ஒருத்தனும் வரக்காணோம்!"

"அவங்களையும் சொல்லிக் குத்தமில்லீங்க" என்றான் மாரப்பன். "பாவம், அவங்க ஜீப்பும் எங்கயோ டீசல் இல்லாம நிக்குதாம்."