தழை கட்டிய பள்ளிக்கூடம்

ஒரு காட்டில், பாறைக் குகை ஒன்றில் குட்டிகளின் பள்ளிக்கூடம் நடந்தது. தலைமையாசிரியர் மயில். பாடத்தைவிடப் பள்ளிக்கூடத்தின் அழகில்தான் அவருக்கு அக்கறை அதிகம்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சுவர் முழுக்கப் புதுப் புங்கந்தழையைக் கொடி போட்டுக் கட்டுவார்கள். பழைய தழையை அவிழ்க்கவே மாட்டார்கள். மங்கலமாகக் கட்டியதைப் பிய்த்தால் அபசகுனமாம்! அதனால் பழையதன் மேலேயே புதியது ஏறும். வந்தவர்கள் எல்லாம், "அடடா, என்ன சுத்தம்! என்ன பசுமை!" என்று வாய் பிளப்பார்கள்.

முயலம்மாவின் மகள் தும்பை அங்கேதான் படித்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில் அவளுக்கு இருமல் வந்தது. பிறகு இழுப்பு வந்தது. விடுமுறை விட்டால் துள்ளி ஓடுவாள். பள்ளிக்குப் போய்த் திரும்பினால் மூச்சுக்குத் தவிப்பாள். முயலம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. நேராக மயிலிடம் போனாள்.

"ஐயா, இங்க ஏதோ சரியில்ல. வீட்டுல இருந்தா நல்லா இருக்கா. பள்ளிக்கூடம் வந்தாத்தான் இழுக்குது!"

மயிலின் தோகை சிலிர்த்தது. "என் பள்ளியையா குறை சொல்கிறாய்? இத்தனை குட்டிகள் படிக்கின்றன. உன் மகளுக்கு மட்டும் எப்படி வரும்? பனியில் நனைந்த புல்லைத் தின்னக் கொடுத்திருப்பாய்!"

"கொடுக்கவே இல்லங்க!"

"அப்படியானால் படிக்கச் சோம்பல். நடிக்கிறாள்!"

முயலம்மா விடவில்லை. வெளியே நின்ற பெற்றோர்களிடம் கேட்டாள். "உங்க பிள்ளைங்க யாருக்காவது இப்படி இருக்கா?"

அணிலம்மா மரத்தைப் பார்த்தாள். மானம்மா தரையைப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல் தும்பையின் பக்கத்தில் எந்தக் குட்டியும் உட்காரவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அவளைச் சுவரோர மூலையில் தனியாக உட்கார வைத்தார்கள்.

அதற்குப் பிறகு முயலம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தண்ணீர் கொண்டு வரும் ஆமை பானையைக் கழுவுகிறதா? எருமை வாத்தியார் ஏன் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறார்? கடைசியில் அவள் கண், மதியக் கூழ் காய்ச்சும் மரநாயின் மேல் விழுந்தது. மரநாய் மேல் எப்போதும் ஒரு வாடை அடிக்கும். ராத்திரியில் தனியாகத் திரியும். யாரோடும் சேராது. இது போதாதா சந்தேகப்பட?

"இவன்தான் கூழுல என்னவோ கலக்குறான்!" என்று கூச்சல் போட்டாள் முயலம்மா.

அன்றைக்கு வாய் திறக்காதவர்களுக்கெல்லாம் இப்போது வாய் முளைத்தது. "ஆமா ஆமா! எனக்கும் அப்பவே தோணிச்சு!" "அவன் பார்வையே சரியில்ல!"

மரநாய் அகப்பையோடு எழுந்து நின்றது. "அம்மா, சந்தேகம் வந்தா தப்பில்ல. ஒரு வாய் குடிச்சாவது பாருங்களேன்!"

யாரும் குடிக்கவில்லை. மயில் அப்போதே மரநாயை விரட்டிவிட்டார். பழி பள்ளிக்கூடத்தைவிட்டு விலகியதில் அவருக்குப் பரம திருப்தி.

ஆனால் தும்பையின் இழுப்பு நிற்கவில்லை, இன்னும் கூடியது. ஒருநாள் அணிலம்மா பதுங்கிப் பதுங்கி முயலம்மாவின் வளைக்கு வந்தாள்.

"அக்கா, என் பையனும் ரொம்ப நாளா இருமுறான். சொன்னா அவனையும் ஒதுக்கி வச்சிருவாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க!"

"அடிப்பாவி! அன்னைக்கே சொல்லியிருந்தா..." முயலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மரநாய் போன பிறகும் இரண்டு பிள்ளைகளுக்கு நோய் என்றால், கூழில் என்ன குற்றம்? அவளுக்கு அவமானமாக இருந்தது.

இதற்குள் மயில் ஓர் உத்தரவு போட்டார். "பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வேண்டும். இன்னும் ஓர் அடுக்குத் தழை கட்டுங்கள்!"

பெற்றோர்கள் எல்லாரும் வந்து கட்டினார்கள். மூலையில் கொடியை இழுத்து இறுக்கியதும் பழைய தழை நொறுங்கித் தூசி கிளம்பியது. அங்கே உட்கார்ந்திருந்த தும்பை மூச்சு வாங்க முடியாமல் சுருண்டு விழுந்தாள்.

முயலம்மா மகளை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள். காற்று பட்டதும் மெல்ல மூச்சு திரும்பியது. மகளை அணிலம்மாவிடம் விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். முன்னங்கால்களால் சுவர்த் தழையைப் பறிக்கத் தொடங்கினாள்.

"நிறுத்து! அபசகுனம்!" என்று மயில் அலறினார்.

"என் பிள்ளை மூச்சு நிக்கறதைவிடப் பெரிய அபசகுனம் ஒண்ணு இருக்கா?"

பச்சைத் தழைக்குக் கீழே காய்ந்த தழை. அதற்கும் கீழே கருத்து அழுகிய தழை. பாறையை ஒட்டிப் பூஞ்சை சாம்பல் நிறத்தில் கனமாகப் படர்ந்திருந்தது. தொட்டதும் பொடி பறந்தது. முதலில் இருமியவர் மயில்தான்.

"என் பிள்ளைக்கும் நெஞ்சுல இதே சத்தம்தான்!" என்று அழுதாள் மானம்மா. "என் பிள்ளைக்கும்!" "என் பிள்ளைக்கும்!" இத்தனை நாள் ஒளித்து வைத்த இருமல் எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

பாறை தெரியும்வரை சுரண்டிக் குகையைச் சுத்தம் செய்தார்கள். மற்ற குட்டிகளுக்கு இருமல் நின்றது. தும்பைக்கு மட்டும் முழுசாகக் குணமாகவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து அவளைத்தானே சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள்! மழை வந்தால் அவளுக்கு இழுப்பும் வரும். முயலம்மா அவளை மடியில் நிமிர்த்தி வைத்து, முதுகைத் தடவிக் கொடுப்பாள்.

ஒருநாள் முயலம்மா மரநாயைத் தேடிப் போனாள். "தப்பு பண்ணிட்டேன் தம்பி. திரும்பி வந்துருப்பா!" என்று கண் கலங்கினாள்.

"உங்க மேல கோபம் இல்லம்மா. ஆனா வரமாட்டேன். நாளைக்கு ஒரு குட்டிக்கு வயிறு வலிச்சாலும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பீங்க!" என்றது மரநாய்.

நோய் வந்தால் சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் கைக்கு எளிதாக அகப்பட்ட ஆளை விரட்டுவதற்கு முன்னால், நோய் வருகிற இடத்தைக் கிளறிப் பாருங்கள்.