திரையில் தொண்ணூற்றெட்டு

"என்னால முடியல மேடம். ராஜினாமாவ ஏத்துக்குங்க" என்றார் ஞானசிகாமணி.

கருவிகளுக்குள் ஓடும் அடித்தள மென்பொருளான கெர்னலை எழுதும் குழுவில் அவருக்குத்தான் வயது அதிகம், ஐம்பத்தொன்று. குழுவை நடத்தி, கற்றுக்கொடுக்கும் பர்வீனுக்கு முப்பத்தாறு. அவளிடம் பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் அந்தக் குழந்தை விஷயத்தில்தான்.

பச்சிளங்குழந்தைகளின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி; அதற்கு நிரல் எழுதியவர் அவர். சோதனைக்கு வைத்த வார்டில் ஒரு பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. திரை தொண்ணூற்றெட்டு, குறையே இல்லாத அளவு, என்றே காட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ்தான் பார்த்துவிட்டு ஓடினாள். அதாகிப் பதினோரு வாரம்.

"சென்சார் புது எண்ண மெமரியில எழுதிடுது. ப்ராசஸர் அங்க போய்ப் பாக்காம, அவசரத்துக்குன்னு தன் பக்கத்துலயே, கேஷ்ல, வெச்சிருக்கற பழைய பிரதியவே படிக்குது. என்ன நடக்குதுன்னு பாக்க நிரல்ல அந்த எண்ண எழுதிக் காட்டற ஒரு பிரிண்ட் வரி போட்டா ஒழுங்கா காட்டுது. எடுத்தா பழையபடி பொய்."

கெர்னல்காரர்களுக்கு இந்தப் பாவம் புதிதல்ல. தேடினால் ஒளிந்துகொள்ளும் பிழை.

"அந்த வரிய அப்படியே விட்டு அனுப்பிடலாமான்னுகூட நெனச்சேன் மேடம். அவ்வளவு கேவலமாயிட்டேன்."

"பழைய பிரதிய எப்போ தூக்கிப் போடறீங்க?"

"சென்சார எழுதச் சொல்றதுக்கு முன்னாடி."

"அது எழுதறதுக்குள்ள ப்ராசஸர் மறுபடி பழசையே எடுத்து வெச்சுக்கிட்டா? எழுதி முடிச்ச பிறகும் போடறீங்களா?"

"அதான் ஒரு தடவ போட்டாச்சே."

பர்வீன் அவருடைய லேப்டாப்பை மூடினாள்.

"அந்தக் குழந்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. பொழச்சிடுச்சு."

"யார் சொன்னா?"

"நர்ஸ் மெர்சி. அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டேனே."

"அதுக்கப்புறம்?"

"அதான் ஒரு தடவ கேட்டாச்சே."

பர்வீன் மேசைமேல் கிடந்த அவருடைய போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைத் தொடவில்லை. பயமாக இருந்தது. "கேக்காத வரைக்கும் அது நல்லா இருக்கு மேடம்" என்றார்.



கடைசியில் எண்ணை அழுத்தினார். மெர்சி எடுத்தாள். அவர் தன் பெயரைச் சொல்லி, குழந்தையைப் பற்றிக் கேட்டார்.



"உங்க ஆபீஸ்ல சொல்லலையா சார்?" என்றாள் மெர்சி. "மறுநாள் காலையிலயே எறந்துடுச்சு."