கோகிலவாணி மறந்த பாஸ்வேர்டு

கேட்டுவிட்டுத் தலையாட்டிப் போகிற கதை இல்லை இது; முடிவில் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அவிநாசிப் பக்கம் ஓர் ஊரில் கோகிலவாணி என்று ஒருத்தி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களைச் சந்தித்து, சூப்பர்வைசர்கள் படுத்தும் பாட்டை அவர்கள் குரலிலேயே பதிவு செய்தாள். அவர்களுக்கு இரண்டு வாக்குக் கொடுத்திருந்தாள். உங்கள் பேர் வெளியே போகாது என்பது ஒன்று. நீங்கள் சொன்னது வெளியே வராமல் போகாது என்பது இன்னொன்று.

பயத்தில் பதிவுகளை வேறெங்கும் படியெடுத்து வைக்கவில்லை. எல்லாம் அவளுடைய லேப்டாப்பில்தான். ஒரு தப்பு மட்டும் செய்தாள். ஆலையில் அந்தப் பெண்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மெஷின் நம்பர்தான். அந்த எரிச்சலில் ஒவ்வொரு பதிவுக்கும் அவரவர் பேரையே வைத்தாள்.

கல்யாணம் நிச்சயமானது. "கட்டிக்குடுக்கப்போற புள்ளைக்கு இனி எதுக்கு?" என்று அண்ணன் சக்திவடிவேல் லேப்டாப்பைக் கடையில் விற்றுவிட்டான். அது அவன் வாங்கிக் கொடுத்ததுதான், யாரும் மறுக்கவில்லை. அவன் அதே ஆலையில் சூப்பர்வைசர்.

அலமாரியில் அது இல்லை என்று தெரிந்தபோது அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. அன்றிலிருந்து எல்லாமே எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கத் தையல்கார சுலோச்சனா வந்திருந்த நேரம், போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, உன்ற பாஸ்வேர்டு என்ன? வாங்குன புள்ளை திறக்க முடியலைன்னு கடைக்கு வந்து நிக்குது. நானும் இங்கதான் இருக்கறேன்," என்றான் அண்ணன்.

"கையைத் தூக்கு கண்ணு," என்றாள் சுலோச்சனா. கோகிலவாணி தூக்கினாள்.

கடைக்காரர் அன்வரின் குரல் கேட்டது. "சொல்லிட்டா நல்லதும்மா. இல்லைன்னா ரீசெட் பண்ணணும், உள்ள இருக்கிறது மொத்தமும் போயிடும். டிஸ்க்கைக் கழட்டினாலும் படிக்க முடியாது, அதுவும் பூட்டித்தான் இருக்கு."

அடுத்துப் பேசியது வாங்கிய பெண் ஹெலன். "அக்கா, நாளைக்கு எனக்கு ஆன்லைன் பரீட்சை. ஆனாலும் உங்க ஃபைலையெல்லாம் ஒண்ணு விடாம காப்பி பண்ணித் தந்துடறேன்."

"நீ எதுக்கும்மா? நானே திறந்து பார்த்து, வேணுங்கறதை எடுத்துட்டு வர்றேன்," என்றான் அண்ணன்.

"கழுத்து இறக்கி வைக்கட்டுமா, ஏத்தியா?"

"எப்படியோ வைங்கக்கா."

பாஸ்வேர்டு அவளுக்கு நன்றாகவே தெரியும். சொன்னால் தன் படிப்பு திரும்பக் கிடைக்கும். திறந்ததும் அண்ணன் கண்முன் வரிசையாக நிற்கப்போவதும் அந்தப் பேர்கள்தான்.

"மறந்துபோச்சுங்ணா."

"வருசக்கணக்கா அதையே கட்டிக்கிட்டு அழுதயே. அதுவா மறக்கும்?"

"மறந்துபோச்சு."

"இதுல டாக்டர் பட்டம் வேற," என்று அண்ணன் சிரித்தான்.

ஹெலன் கடைக்காரரிடம், "ரீசெட் பண்ணிடுங்க பாய்," என்றாள்.

சுலோச்சனா டேப்பைச் சுருட்டினாள். "முடிஞ்சுது, கையை இறக்கு கண்ணு." இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தான் வாங்கிக் கொடுத்ததை அண்ணன் விற்றான். தான் வாங்கியதை ஹெலன் அழிக்கச் சொன்னாள். கோகிலவாணி பொய் சொல்லி, ஒரு வாக்கைக் காப்பாற்ற இன்னொரு வாக்கைக் கைவிட்டாள். இதில் யார் செய்தது சரி?

விடை: பெட்டி அண்ணன் வாங்கியது, உள்ளிருந்த பேச்சு அவன் வாங்கியதல்ல. ஹெலன் எதை அழிக்கிறோம் என்று தெரியாமல் செய்தாள். குற்றமில்லை எனலாம், சரி என்று சொல்ல முடியாது. செய்தது சரி என்றால் அது கோகிலவாணிதான். அழிந்த பேச்சை மறுபடி கேட்டு வாங்கலாம், அந்தப் பெண்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். வெளியே போன பேரைத் திரும்ப வாங்க முடியாது. "அப்படியானால் போய்க் கேட்டாளா?" என்பீர்கள். வீட்டில் போக விட்டால்தானே? அவள் செய்தது சரி என்று சுலபமாகச் சொல்கிறவர்கள், அந்த இரண்டாவது வாக்கை இனி யார் காப்பாற்றுவது என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.